நான் வாங்கிய புடலங்காய்

என் செல்ல ரஞ்சி,

உன் மொட்டைமாடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை வெயில் உனக்குத் தெரியாததா! கீழே உன் மகள் சுமி தேநீர் போடுகிறாள். நீ கடைசியாக நட்ட புடலங்கொடியில் இன்னும் நான்கு காய் தொங்குகிறது. ஐந்தாவதை இன்று காலையில் மட்டக்குளி விவசாயக் கண்காட்சியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் பெயரில்தான்.

மைதானத்துக்குள் நுழைந்ததுமே போட்டிக் காய்கள் வைக்கும் பக்கம் போனேன். போன வருடம் அங்கேதான் உன் காயும் என் காயும் ஒரே மேசையில் கிடந்தன. முதல் பரிசுக்கு நீ எத்தனை வருடம் ஆசைப்பட்டாய்! முதன்முதலாகப் போட்டிக்கு வந்த நான் அதைத் தட்டிக்கொண்டு போனேன்; உனக்கு இரண்டாவதுதான். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது நீதான்.

ரஞ்சி, அது நான் வளர்த்த காய் இல்லை.

வெள்ளவத்தை பல்கனியில் நான் கொடி வளர்த்தது உண்மை. காய் நேராக நீள, நுனியில் கல் கட்டச் சொன்னதும் நீதான். உன்னை முந்திவிடும் ஆசையில் பெரிய கல்லாகக் கட்டித் தொலைத்தேன். போட்டிக்கு முந்தின நாள் காய் முறிந்து விழுந்தது. ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்துவிட்டு வெறுங்கையோடு எப்படி வருவது? மார்க்கெட்டுக்கு ஓடி, பச்சையில் வரி போட்ட நீளக் காயொன்றை வாங்கி வந்தேன்.

பரிசளிப்பு முடிந்ததும் நீ கேட்டாய்: "அண்ணி, உங்கட காயின்ட விதை எனக்கும் கொஞ்சம் தாங்கோவன்."

என் பல்கனிக் கொடிக்கு வாங்கிய விதைப் பொட்டலத்தில் மிச்சம் இருந்ததைக் கொடுத்தேன். சில மாதத்தில் இங்கே காய்த்தது கட்டையான வெள்ளைக் காய். நீ என் முகத்தைப் பார்த்தாய்.

"இந்த வெயிலுக்கு வெளுத்துப் போச்சுப்போல, அண்ணி," என்றாய். பிறகு அதிலேயே பால்கறி வைத்து எனக்குச் சோறு போட்டாய்.

வெயிலில் வரி அழியுமா? உனக்கா தெரியாது? நீ ஏசியிருந்தால் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று பதிவு மேசையில் இருந்த பெண், "வளத்தவங்க வரல்லையா?" என்று கேட்டாள்.

"அவவுக்குச் சுகமில்ல," என்றேன். உயிரோடு இல்லாதவளின் காயை எடுக்கமாட்டார்களோ என்று பயம். பார், இன்னமும் எனக்குப் பொய்தான் முதலில் வாயில் வருகிறது.

நாளைக்குப் பரிசளிப்பு. "அம்மாவுக்கு ஏதும் கிடைச்சா நீங்கதான் மேடையில வாங்கோணும் மாமி," என்கிறாள் சுமி. அவளுக்கு எதுவும் தெரியாது. தேநீரோடு மேலே வந்ததும் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுக்கப் போகிறேன்.

உனக்குப் பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், போன வருடம் வாங்கிய பரிசுக் கிண்ணத்தோடு நாளை மேடை ஏறுவேன். மைக்கில் உன் பெயரைச் சொல்லி, அது யாருடைய கிண்ணம் என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். இது சத்தியம்.

இந்த முறை சின்னக் கல்தான் கட்டினேன், ரஞ்சி.

விதையை மட்டும் பொய்யில்லாமல் தந்த,
உன் அண்ணி