வாய்க்கால் ஓரம் யாருக்கு?

1994 ஜூலை 17, ஞாயிறு

மதியத் தூக்கம் கெட்டது. தெருவில் பிள்ளைகள் கண்ணாமூச்சிக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ரியாஸ் பாயின் மகள் ரம்ஷா நடுவில் நின்று ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டுச் சொல்கிறாள்:

அத்தி மேட்டுல அஞ்சு நெரை
கட்டாந் தரையில காஞ்ச நெரை
கண்ணக் காட்டுனாக் கெடையாது
கையக் கட்டுனாக் கெடையாது
வாய்க்கா ஓரம் ஆருக்கு?
வட்டஞ் சொல்லுது – உனக்கு!

'உனக்கு' யார்மேல் விழுகிறதோ அவர் பழம், தப்பித்தார். கடைசியில் மிஞ்சுகிறவர்தான் கண்ணைப் பொத்த வேண்டும்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது என் அக்கா பழனியாத்தாள் கட்டிய பாட்டு! காங்கேயம் பக்கத்துக் கடலைக்காட்டில் பிறந்தது கோயமுத்தூர்த் தெருவுக்கு எப்படி வந்தது?

"பவானியில எங்க மாமி ஊட்டுல எல்லாரும் சொல்லுவாங்க அங்கிள்" என்றாள் ரம்ஷா. என் மகள் இளவேனிலும் கூடவே பாடுகிறாள். அவளுக்கு நான் சொல்லித் தரவில்லை. தெரு தந்திருக்கிறது.

ஜூலை 18

அலுவலகத்தில் கணக்கு ஓடவில்லை. பாட்டுதான் ஓடியது.

எனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும், வரப்பில் உட்கார்ந்திருப்பேன். அக்காவுக்குப் பதினான்கு. கடலை பிடுங்க ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி. வாய்க்கால் ஓர நிரையில் மண் ஈரமாக இருக்கும், கொடியை இழுத்தால் கையோடு வரும். அத்தி மரத்து மேட்டில் மண் கல், நகம் பெயர்ந்துவிடும். யாருக்கு எந்த நிரை என்று சொல்வது மேஸ்திரி. அவரிடம் கண்ணைக் காட்டிச் சிரித்தவளுக்கும் கையைக் கட்டி நின்றவளுக்கும் வாய்க்கால் ஓரம். மற்றவர்களுக்கு மேடு.

ஒரு நாள் அக்கா எல்லாரையும் வட்டமாக நிறுத்தி இதைச் சொல்லி நிரை பிரித்தாள். மேஸ்திரி, பொம்பளைகள் விளையாடுகிறார்கள் என்று சிரித்தார். அவருக்கு விளங்குவதற்குள் அதுவே வழக்கம் ஆகிவிட்டது.

பதினான்கு வயதில்! எனக்கு அந்த வயதில் மூக்குச் சிந்தத் தெரியாது.

ஆகஸ்ட் 4

இளவேனிலின் பள்ளி மலரில் விளையாட்டுப் பாட்டுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். தமிழ் டீச்சர் குல்சும் எழுதிய பிரதியை இளவேனில் கொண்டுவந்தாள். நம் பாட்டும் இருக்கிறது. கீழே: 'பண்டைக் காலப் படைவீரர்களின் ஐந்து அணிவரிசைகளைக் குறிக்கும். இயற்றியவர் தெரியவில்லை.'

படைவீரர்களாம்! என் அக்கா கடலைக்கொடி பிடுங்கினாள், வாளையா பிடுங்கினாள்?

ஆகஸ்ட் 5

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன் போல. டீச்சர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நானும் ஒருத்தர் சொன்னதைக் கேட்டுத்தானுங்க சார் எழுதுனேன். உங்க அக்காவே ஒருக்கா வந்து சொல்லட்டுமுங்க, அவங்க பேரையே போட்டர்லாம்" என்றார். நியாயம்தான். இனி அக்கா வரவேண்டும்.

ஆகஸ்ட் 6

அக்கா வேலை பார்க்கும் எண்ணெய் மில்லுக்குப் போன் செய்தேன். தேங்காய் லோடு இறங்கும் சத்தத்துக்கு நடுவே சிரிக்கிறாள்.

"பாட்டென்ன காடா கண்ணு, பட்டா வாங்கறதுக்கு? போய் வேலையப் பாரு சாமி."

வரமாட்டாளாம். எனக்கு ஆறவே இல்லை. ஊரெல்லாம் வாயில் போட்டு மெல்லுகிறது, கட்டியவள் பேர் ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்கு ரோஷம் வேண்டாமா? வேண்டாமென்றால் போகட்டும், எனக்கு இருக்கிறதே!

செப்டம்பர் 11

மலர் அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். அக்காவிடம் மறுபடி கேட்டேன். மறுபடி சிரிப்பு.

அக்டோபர் 9, ஞாயிறு

தீபாவளித் துணி எடுக்கக் காந்திபுரம் வந்த அக்கா வீட்டுக்கும் வந்தாள். பாட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. தெருவே திறந்தது.

காப்பி டம்ளரோடு வாசலில் நின்றவள் பிள்ளைகளைப் பார்த்தபடியே இருந்தாள். ஓர் ஆட்டம் முடிந்து அடுத்த வட்டம் போட்டார்கள். ரம்ஷா, போன ஆட்டத்தில் கண்ணைப் பொத்திய பையனைத் தொட்டு ஆரம்பித்தாள். அடுத்த முறையும் அப்படியே, தோற்ற பிள்ளையிடமிருந்து.

"ஏஞ் சாமி அவன்கிட்டருந்து ஆரம்பிக்கற?" என்று அக்கா கேட்டாள்.

"அப்படித்தானுங்க ஆரம்பிக்கோணும்" என்றாள் ரம்ஷா. ஏன் என்று அவளுக்குத் தெரியாது.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். "நேத்து மேட்டு நெரை புடிச்சவளுக்குத்தான்டா மொதச் சொல்லு. நாந்தான் வெச்சேன். எங்ககூட நெரை புடிச்ச அருக்காணிய பவானிக்குத்தான கட்டிக் குடுத்தாங்க! அவ அதையும் உட்டுப்போடாமக் கொண்டு போயிருக்கறா பாரு."

சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர். நான் கேட்டேன்: உனக்கு எத்தனை தடவை வாய்க்கால் ஓரம் விழுந்தது?

"எனக்கெங்க உழுகும்? சொல்றவ வட்டத்துல நிக்கக் கூடாது. நின்னா, அவளுக்குத் தோதாச் சொல்லிப்போட்டான்னு பேராயிரும். எல்லாரும் எடுத்தது போக மிஞ்சறதுதான் எனக்கு."

மிஞ்சுவது எது என்று எனக்குத் தெரியும். அவள் விரல் நகங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

என் அக்கா.

அக்டோபர் 10

ராத்திரி தங்கிவிட்ட அக்காவே காலையில் கிளம்பச் சொன்னாள். பள்ளியில் டீச்சரிடம் கை கட்டாமல் நின்று முழுவதும் சொன்னாள். "எம்பேரு பெரிசில்லீங்க. சுத்தி நின்னவங்க இல்லாம வட்டமேதுங்க? தோத்தவங்ககிட்டருந்து ஆரம்பிக்கோணுமுன்னு மட்டும் மறக்காமப் போட்டுருங்க."

டீச்சர் எழுதிக்கொண்டார். படைவீரர்களை அவரே அடித்தார்.

1995 ஜனவரி 11

மலர் வந்துவிட்டது. 'கட்டியவர்: பழனியாத்தாள், காங்கேயம்.' அதன் கீழே அவள் சொன்ன விதியும். அலுவலகத்தில் எல்லா மேசைக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். மேனேஜர் இரண்டு முறை பார்த்தார். இரண்டாவது முறை நானாகக் காட்டியது.

ஜனவரி 16

பொங்கலுக்கு அக்கா வந்திருக்கிறாள். மலரைப் படித்துக் காட்டினேன். "செரி செரி, போதும்" என்று பையில் வைத்துக்கொண்டாள். பிறகு ரியாஸ் பாய் வீட்டில் காட்டிவிட்டு வந்தாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

சாயங்காலம் பிள்ளைகள் அவளைத் தெருவுக்கு இழுத்தார்கள். வழக்கம்போல நடுவில் போய் நின்றாள். இளவேனில் விடவில்லை: "நீங்க வட்டத்துல நில்லுங்க அத்தை, ரம்ஷா சொல்லட்டும்." சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை, கருத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரம்ஷா, போன ஆட்டத்தில் தோற்ற பிள்ளையிலிருந்து தொட்டுக்கொண்டு வந்தாள். வாய்க்கா ஓரம் ஆருக்கு? கை அக்காவிடம் வந்து நின்றது. பெரியவர்களிடம் 'உனக்கு' என்று சொல்லலாமா? பிள்ளை ஒரு கணம் திணறினாள். பிறகு, தாளம் போனால் போகட்டும் என்று, சத்தமாகச் சொன்னாள்:

"வட்டஞ் சொல்லுது – உங்களுக்குங்க!"