பிஜ்லிக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே பத்தியம்

பவானிபூர், கொல்கத்தா
ஜனவரி 19

அன்புள்ள தமயந்திக்கு,

கோமதி எழுதுவது. இங்கே நான் நலம். உன் கணவரின் சர்க்கரை என்னைவிட நலமாக, நாளொரு மேனியாக வளர்ந்து வருகிறது.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லலாம். ஆனால் நீ அழைக்கும்போதெல்லாம் அவர் சமையலறை வாசலுக்கு வந்து நின்று தண்ணீர் குடிக்கிறார். சர்க்கரை இறங்கும்வரை அவரோடு பேசுவதில்லை என்று நீ சபதம் செய்து, அவரை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, மகள் பூர்ணிமாவின் பேறுகாலத்துக்கு டொராண்டோ விமானம் ஏறியதிலிருந்து அவருக்குத் தாகம் மிகுதி. ஆகவே கணினியில் தட்டி அனுப்புகிறேன். கண்புரை முற்றிய மனிதரால் இதைப் படிக்க இயலாது என்பது இப்போதைக்கு ஒரு வசதி.

கண் மருத்துவர் நேற்று மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார். சர்க்கரை குறையாமல் கண்ணில் கத்தி வைக்க முடியாது, புண் ஆறாது என்று அந்தப் பெண் பொறுமையாகவே சொன்னார். உன் கணவரோ, ரிப்போர்ட்டைக் கொஞ்சம் வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க டாக்டர், உங்களுக்கு எண் சரியாத் தெரியலையோ என்னமோ என்று ஆங்கிலத்தில் ஆலோசனை கூறினார்.

தினமும் நடக்க வேண்டும் என்பது உத்தரவு. விக்டோரியா நினைவகம்வரை போய் வரலாமென்று அழைத்துச் சென்றேன். அங்கே சவாரி வண்டிகள் நிற்கும் வரிசையில் ஒரு பெண்குதிரையின் கனைப்பைக் கேட்டு நின்றவர், அப்புறம் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அதன் பெயர் பிஜ்லி. மின்னல் என்று பொருள். அதன் வேகத்தைப் பார்த்தவர் எவரும் சூட்டியிருக்க முடியாத பெயர். மாப்பிள்ளை அதன் விலா எலும்புகளைக் கையால் தடவி எண்ணி, வண்டிக்கார ஷகீலிடம் தாம் கால்நடை விஞ்ஞானி என்று அறிவித்தார். நாமக்கல்லில் வேலைக்காலம் முழுவதும் கோழிகளுக்குத் தீவனம் வகுத்ததை அறிவிக்கவில்லை. அன்றுமுதல் அவர் ‘டாக்டர் பாபு’, நான் ‘மாஷிமா’, அதாவது பெரியம்மா.

இப்போது நாள்தோறும் டாக்சியில் போய் இறங்கிச் சொற்பொழிவாற்றுகிறார். குதிரைக்கு உடம்பு பெரிதானாலும் இரைப்பை சிறிது. ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தர வேண்டும். முதலில் புல், பிறகுதான் தானியம். தண்ணீரும் உப்புக்கட்டியும் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எந்தத் தீனியையும் திடீரென்று மாற்றக் கூடாது. தின்ற கையோடு வண்டியில் பூட்டக் கூடாது. அத்தனையும் சரியான கருத்துகள். அவற்றைச் சொன்ன மனிதரின் இடக்கையில் ஒரு தொன்னை நிறையப் புது வெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு இருந்தது.

பிடுங்கினேன். ஷகீல் ஆசையா வாங்கிக் கொடுத்தது அக்கா, வேண்டாம்னா அவன் மனசு நோகும் என்றார். ஷகீலைக் கேட்டேன். காசு கொடுத்து வாங்கிவரச் சொன்னதே டாக்டர் பாபுதான், நான் என்ன செய்வேன் மாஷிமா என்று அவன் காதைப் பிடித்துக்கொண்டான். நான் இங்கே கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். இத்தகைய முரண்பாட்டை மாணவர்களிடம்கூட நான் கண்டதில்லை.

உன் சபதத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அது இதுவரை எந்தப் பலனும் அளிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன், அவ்வளவுதான்.

பூர்ணிமா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அக்கா,
கோமதி

*

பவானிபூர்
பிப்ரவரி 23

அன்புள்ள தமயந்திக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. அவருடைய சர்க்கரை எப்படி என்று ஒரு வரியும், பனிப்பொழிவு பற்றி மூன்று பத்தியும் எழுதியிருந்தாய். நீ எதைக் கேட்க வந்தாய் என்பது புரிந்தது. பதில் சற்று நீளம், உட்கார்ந்து படி.

வங்காளத்தில் கொண்டைக்கடலைக்குச் ‘சோலா’ என்று பெயர். இங்கே குதிரைகளின் அன்றாடத் தீனி அதுதான். கோழிகளுக்கு மக்காச்சோளம் போட்டே வாழ்ந்த உன் கணவர், பிஜ்லி சதை பிடிக்க அதன் தீனியோடு சோளமும் சேர்க்கலாம், அதையும் நாளுக்கு ஒரு கைப்பிடியாகப் பழக்கலாம் என்று முடிவு செய்தார். எந்தத் தமிழ்ச் சொல்லிலும் கடைசி எழுத்தை வெட்டினால் அது வங்காளமாகிவிடும் என்பது அவருடைய மொழிக் கொள்கை. ‘சோளா, சோளா, ரோஜ் ஏக் முட்டி’ என்று ஷகீலுக்கு உத்தரவிட்டிருக்கிறார். அவனும் டாக்டர் பாபுவின் சொல்லைத் தட்டாமல், ஏற்கெனவே போதுமான அளவு போட்டுவந்த கடலையை நாள்தோறும் ஒரு பிடி உயர்த்திக்கொண்டே போயிருக்கிறான். இவர் தினமும் வாளிக்குள் கைவிட்டுச் சோதித்தாராம். ஊறின சோளம் மாதிரியேதான் இருந்தது அக்கா என்கிறார்.

ஒருநாள் மதியம் அந்தக் குதிரை வயிறு உப்பி, முன்காலால் தரையைப் பறித்து, விழுந்து புரள ஆரம்பித்தது. கால்நடை மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார், ஊசியும் போட்டார். லத்தி போடும்வரை தீனி கூடாது, புரளவிடாமல் மெதுவாக நடத்திக்கொண்டே இருங்கள், அது விழுந்து குடல் முறுக்கிக்கொண்டால் பிழைக்காது என்று சொல்லிப் போனார். ஷகீல் மரத்தடியில் உட்கார்ந்து, தன் அம்மாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தான். அவனுடைய பிழைப்பே அந்த ஒரு குதிரைதான். கயிற்றை உன் கணவர் வாங்கிக்கொண்டார்.

வர நேரமாகும் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார். பொழுது சாயும் வேளையில் மறுபடி அழைத்தார். அக்கா, நல்லபடியா ஆயிடுச்சு, ரெண்டு உயிரையும் ஆண்டவன் காப்பாத்திட்டான் என்றார். பூர்ணிமாவுக்கு முன்கூட்டியே ஆகிவிட்டது போலும் என்று நினைத்து, ஆணா பெண்ணா என்று கேட்டேன்.

லத்தி என்றார்.

இரண்டாவது உயிர் ஷகீல் என்பதை நான் டாக்சி பிடித்துப் போய்ச் சேர்ந்த பிறகே தெரிந்துகொண்டேன். அவன் ஒவ்வொரு வண்டிக்காரனையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். நம் தெருமுனைக் கடைக்குக்கூட நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்த உன் கணவர், செருப்பு அறுந்து, கால்சட்டை முழங்கால்வரை சேறாகி, அப்போதும் கயிற்றை விடாமல் நடந்துகொண்டிருந்தார். குதிரையோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியாது. தப்பு என்மேலதான் தமா, இன்னும் நாலு எட்டு வெச்சுடு தமா, படுத்துடாதே என்பது என் காதில் விழுந்தது.

தமா என்பது யாருடைய பெயரில் பாதி என்று கண்டுபிடிக்கத் தர்க்கவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஷகீல் படிக்கவில்லை. குதிரையை நடக்கச் சொல்லும் தமிழ்ச் சொல் அது என்று நினைத்துக்கொண்டான். இப்போதெல்லாம் அவன் கடிவாளத்தை உதறி ‘தமா, தமா’ என்கிறான்; பிஜ்லியும் உடனே நடக்கிறது. மற்ற வண்டிக்காரர்களும் முயன்று பார்க்கிறார்கள். நான் எவரையும் திருத்தவில்லை.

இதற்கெல்லாம் பரிகாரமாக, தாமே காலையும் மாலையும் பிஜ்லியை நடத்திச் செல்வதாக மாப்பிள்ளை ஷகீலுக்கு வாக்குக் கொடுத்தார். போகவும் வரவும்கூட நடைதான். டாக்சிக்குப் பணம் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். குதிரைக்கு அவர் வகுத்த விதிகளை வீட்டிலும் அமல்படுத்தினேன். முதலில் கீரையும் காயும். சோறு பிறகு, ஒரு பிடி. ஒரேயடியாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. தின்ற கையோடு படுக்கை இல்லை. என்னக்கா, என்னைக் குதிரைன்னு நெனச்சீங்களா என்று முதல் நாள் கேட்டார். அந்தத் தகுதி வர இன்னும் சில வாரங்கள் ஆகும் என்றேன். சந்தேஷை நிறுத்த நான் எதுவும் செய்யவில்லை. டாக்டர் பாபுவுக்கு இனிப்பு விற்றால் கடை வாசலிலேயே பிஜ்லியைக் கட்டிவிடுவேன் என்று ஷகீலே கடைக்காரரை மிரட்டிவிட்டு வந்தான்.

பிஜ்லியின் விலா எலும்புகள் இப்போது வெளியே தெரிவதில்லை. தோலில் பளபளப்பு ஏறியிருக்கிறது. சவாரிக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். உன் கணவரிடம் பளபளப்பு எதுவும் இல்லை. ஆனால் கண் மருத்துவர் நேற்று ரிப்போர்ட்டை இருமுறை பார்த்தார். இம்முறை எவரும் வெளிச்சத்தைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த புதன்கிழமை அறுவை சிகிச்சை. மறுநாள் காலை கட்டைப் பிரிப்பார்கள்.

இதை உன்னிடம் தாமே சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. கேட்க மாட்டார். நான் கடிதம் தட்டும் ஓசை கேட்டு வந்து, குடித்த தண்ணீரையே மறுபடி குடித்துவிட்டுப் போனார். தண்ணீர் தாராளமாக வைக்க வேண்டும் என்பதும் அவருடைய விதிதான், தடுக்கவில்லை.

பூர்ணிமாவை விட்டு நீ வர முடியாது. வரச் சொல்லவும் இல்லை. சர்க்கரை இறங்கியதோடு உன் சபதம் முடிந்தது என்பது என் கணிப்பு. முழுவதும் இறங்கவில்லை என்று நீ வாதாடலாம். அப்படியானாலும் பேச மாட்டேன் என்றுதான் நீ சபதம் செய்தாய். முகம் காட்ட மாட்டேன் என்று செய்யவில்லை. வியாழக்கிழமை இங்கே காலை, அங்கே நள்ளிரவு. விழித்திருந்து கைபேசியில் வா. வாய் திறக்க வேண்டாம். தலையை மட்டும் வாரிக்கொள். இத்தனை மாத மங்கலுக்குப் பிறகு கண் திறக்கும் மனிதர் முதலில் என் முகத்தைத்தான் பார்க்க நேரும் என்றால், அது அவருக்கும் நியாயமில்லை, எனக்கும் நியாயமில்லை.

பூர்ணிமாவுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். நீ தீர்க்க சுமங்கலியாக இரு. அதற்கான வேலைகளை இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
கோமதி