நானே அடைக்கச் சொன்ன கடைவாசல்

எருமப்பட்டி பக்கம்,
ஆவணி 21.

அன்பு மகள் அறிவுச்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். உன் அண்ணன் இனியன் ஜேடர்பாளையத்துக்கு வேலை மாறிப் போய்விட்டான், சனிக்கிழமை வந்து போகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை கடையைக் காட்டு என்றாய், வீடியோவில் காட்டினேன். வாசலுக்குக் குறுக்கே இரும்புத் தகடு ஓடுவதைப் பார்த்ததும், "நான் படிச்சதே அந்தக் கடைக் காசுலம்மா, என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படி அடைக்க உட்ட, யாரு மெரட்டுனா" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் முன் போனை வைத்துவிட்டாய். ஆனி மாதமே போட்ட தடுப்பை உன்னிடம் இவ்வளவு நாள் மறைத்தது என் தப்பு, அதற்கு மட்டும் என்னை மன்னித்துக்கொள். மற்றதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. என்னை யாரும் மிரட்டவில்லை சாமி. நான்தான் அடைக்கச் சொன்னேன். போனில் நீ பேசவிட மாட்டாய் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன், முழுவதும் படித்த பிறகு கோபப்படு.

மஞ்சுளாவை உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பத்தாவது வரை உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பெண். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், மழை விட்ட நேரம், நம் கடையில் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு, "போய்ட்டு வாரேனுங்கத்தை" என்று சொல்லி ஸ்கூட்டரை எடுத்தாள். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கினாள், வளைவின் ஓரத்தில் இருந்த சரளையில் சக்கரம் வழுக்கி, நம் கடையை ஒட்டி இருக்கும் அந்தக் கிணற்றுக்குள் வண்டியோடு போய்விட்டாள். சுவர் இல்லாத கிணறு, ரோட்டிலிருந்து ஆறே அடி. உன் அப்பா கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். தூக்கி வந்தபோது உயிர் இல்லை. நான் கடை போட்ட இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் நான்காவது ஆள். மற்ற மூன்று பேருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது, இவளுக்கு மிச்சச் சில்லறை கொடுத்த கை இது.

காரியம் முடிந்த மறுநாளே ரோடு ஆபீசுக்குப் போனேன். கிணற்றை மூடச் சொல்லலாம் என்றால் அது இருபது ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கிறது, அந்தக் குடும்பம் எங்கே போகும். தடுப்புப் போடுங்கள் என்றேன். மனு கொடு என்றார்கள், கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, செலவு அதிகம், இந்த ஆபீஸ் வரம்புக்குள் வராது, மேலே சென்னைக்கு எழுத வேண்டும் என்று பதில் வந்தது. அப்படி எழுதிய காகிதங்கள் எங்கே போய்ப் படுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். ஏன் அதிகம், எதனால் அதிகம், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் போனேன், சோற்றுப் போசியோடு. நான்காம் நாள் ஜெயபிரகாஷ் என்கிற சின்ன இன்ஜினியர், உன் வயசுதான் இருக்கும், உள்ளே கூப்பிட்டு எஸ்டிமேட்டை விரித்து வைத்தார்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, தடுப்பு என்றால் வெறும் தகடும் தூணும் இல்லை. கான்கிரீட் சுவராகக் கட்டினால் ஒரு விலை, இரும்புத் தகடு என்றால் ஒரு விலை. துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகத்தில் முக்கி எடுக்க வேண்டும், அது தனி. இரும்பு விலை மாதத்துக்கு ஒன்றாக ஏறுகிறது. கிணற்றுக்கு நேராக மட்டும் போட்டால் போதாது, வண்டி தடம் மாறுகிற இடத்திலிருந்தே, கிணற்றுக்கு வெகு முன்னாலேயே தொடங்க வேண்டும், அதனால் நீளம் நூற்று நாற்பது மீட்டர். எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு விஷயம். ஒன்று, அடியில் பாறை, தூணை மெஷினால் அடித்து இறக்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் துளை போட்டுக் கான்கிரீட் ஊற்ற வேண்டும் என்று முழு நீளத்துக்கும் கணக்குப் போட்டிருந்தார்கள். முழு நீளமும் பாறை என்று யார் பார்த்தது என்று கேட்டேன். "கெணத்துல பாறை தெரியுதுங்களேம்மா" என்றார். கிணற்றில் தெரிந்தால் ரோடு முழுக்கப் பாறையா, என் கடைக்குக் கால் நட்டபோது மூன்றடி செம்மண் சரளைதான் வந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் அந்தப் பையனிடம் எனக்குப் பிடித்தது. மாசி மாதம் ஒருநாள் காலையில் நேரிலேயே வந்தார். உன் அப்பா கடப்பாரையை எடுத்தார். இடம் இன்ஜினியர் காட்டினார், குழி உன் அப்பா போட்டார், நான்கு குழி. கிணற்றை ஒட்டிய ஒன்றில் மட்டும் கடப்பாரை டங்கென்று நின்றது. மற்ற மூன்றிலும் இடுப்பளவுக்கு மண். இன்ஜினியர் ஒவ்வொன்றையும் அளந்து போட்டோ எடுத்துக்கொண்டு, "ஏனுங்கய்யா, இதை நாங்களே முன்னாடி செஞ்சிருக்கோணும்" என்றார். உன் அப்பா, "இப்ப செஞ்சாச்சல்லங்க" என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதே அவ்வளவுதானே.

அப்படியும் எஸ்டிமேட் அவர்கள் வரம்புக்குள் வரவில்லை. இரண்டாவது விஷயம் எது என்று கேட்டேன், சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார், "உங்க கடைதானுங்கம்மா." நம் கடைக்கு வண்டி ஒதுங்கி நிற்க நடுவில் வழி விட்டு இரண்டு துண்டாகப் போட வேண்டுமாம். தகட்டின் முனை மொட்டையாக நின்றால் மோதுகிற வண்டிக்குள் ஈட்டி மாதிரி பாயும். அதனால் ஒவ்வொரு முனைக்கும் மோதினால் மடங்கிக்கொடுக்கிற தனி அமைப்பு வேண்டும். வழி விட்டால் இரண்டு முனை நான்காகிறது. அந்த இரண்டு முனைக்கு ஆகிற செலவில் பல மீட்டர் தகடு ஓட்டிவிடலாமாம். அதோடு, வழுக்குகிற வண்டி அந்த வழியாகவே உள்ளே வந்து கிணற்றில் விழவும் கூடும். பட்டா நிலம், வழி உங்கள் உரிமை, நாங்கள் கேட்க முடியாது என்றார். அதாவது இத்தனை நாளும் நான் யாருடன் சண்டை போட்டேனோ, அவர்களோடு என் கடையும் சேர்ந்து குறுக்கே நின்றிருக்கிறது. அன்று முழுக்க டீ ஆற்றிக்கொண்டே யோசித்தேன். அந்தச் சாயங்காலம் மஞ்சுளா வண்டியை எடுத்ததும் அதே வழியில்தான். மறுநாள் போய், நடுவில் வெட்டாமல் ஒரே ஓட்டமாகப் போடுங்கள், எழுதித் தருகிறேன் என்றேன். பக்கத்து மேஜைக்காரர், "ஏம்மா, பொழப்பு போயிருமே, ஊட்டுல கேட்டுட்டு வாங்க" என்றார். என் பொழப்பு, என் கடை, என் கையெழுத்து, யாரைக் கேட்பது என்று சொல்லி அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

செலவு அவர்கள் வரம்புக்குள் வந்தது, ஆனியில் போட்டு முடித்தார்கள். நாங்கள் பின்சுவரை இடித்து, தோட்டத்துக்குப் போகிற காட்டு வழிப்பக்கம் கதவு வைத்துக் கடையைத் திருப்பிவிட்டோம். வியாபாரம் பாதியாகிவிட்டது, உன்னிடம் மறைக்க மாட்டேன். பழைய லாரிக்காரர்கள் நேர்ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள், புதியவர்களுக்குக் கடை இருப்பதே தெரிவதில்லை. இட்லி மாவைக் குறைத்துவிட்டேன். ஊரில் சிலர், சொந்த வாசலில் மண்ணைப் போட்டுக்கொண்ட பைத்தியக்காரி என்கிறார்கள். சொல்லட்டும், அவர்களும் அந்த வளைவில்தான் வண்டி ஓட்டுகிறார்கள்.

உன்னிடம் பேசி நான்காம் நாள், வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும், தூறல். முட்டை ஏற்றி வந்த மினி லாரி ஒன்று வளைவில் பிடி கிடைக்காமல் சறுக்கி வந்து தகட்டில் மோதி, தகட்டோடு உராய்ந்துகொண்டே முப்பது அடி போய் நின்றது. கிணற்றுக்கு நேராக. சத்தம் கேட்டு ஓடினோம். ரோடெல்லாம் மஞ்சள் கரு ஓடுகிறது. டிரைவர் எடப்பாடிக்காரர், பெயர் ஈஸ்வர், நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். இறங்கியதும் முட்டை போச்சே, முதலாளிக்கு என்ன சொல்வேன் என்று புலம்பியபடி வண்டியைச் சுற்றி வந்தவர், தகட்டுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இங்க கெணறு இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்கம்மா. எத்தனை வருசமா இந்த ரோட்டுல போறேனுங்க" என்றார். உன் அப்பா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அந்த ஆள் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டு, ஒன்றுமில்லை, மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடுவேன் என்று மட்டும் சொன்னார். நான் உள்ளே போய் அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது மூன்று தகடும் ஐந்து தூணும் வளைந்து கிடக்கின்றன. வண்டிக்காரரிடம் செலவை வசூலித்த பிறகுதான் மாற்றுவோம் என்று ரோடு ஆபீசில் சொல்கிறார்களாம். வாங்குவதை வாங்கிக்கொள்ளட்டும், ஆனால் அதுவரை அந்த வளைவு காத்திருக்குமா. தடுப்பு என்றால் போட்டு முடிக்கிற செலவு மட்டுமல்ல, அடிபட்டால் மாற்றுகிற செலவும் அதில் சேர்த்திதான் என்று ஜெயபிரகாஷ் வாயால் சொன்னதை நான் மறக்கவில்லை. திங்கட்கிழமை போசியைக் கட்டிக்கொண்டு போகிறேன். அந்தப் பெஞ்சு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நீ வேண்டாம் என்றாலும் போவேன்.

முன்வாசலைத் திரும்பத் திறக்க வக்கீல் வைக்கலாம், பணம் அனுப்புகிறேன் என்று மாப்பிள்ளை இனியனிடம் சொன்னாராம். நல்ல மனசு, ஆனால் அந்தப் பணத்தில் பேத்திக்குக் கம்பளிச் சட்டை வாங்கச் சொல். உன் படிப்பு அந்தக் கடையில் வந்ததுதான், அதனால்தான் அதைக் கொடுக்கும்போது எனக்குக் கை கூசவில்லை. உனக்கு வர வேண்டியது வந்துவிட்டது, மற்றவர்கள் பிள்ளைகளும் வீடு போய்ச் சேர வேண்டும் அல்லவா. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் அனுசரணையாக, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே.

தைக்கு வருவதாகச் சொன்னாய். பஸ்ஸில் வந்தால் கடைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் சண்டை போடாதே, அங்கே நிறுத்த இனி இடம் கிடையாது. முந்தின ஸ்டாப்பில் இறங்கி, தடுப்புக்கு உள்பக்கமாக, கிணற்றுப் பக்கம் போகாமல், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வா.

இப்படிக்கு,
உன் அம்மா
கா. மயிலம்மாள்