குட்டி அம்மா வழக்கு

மார்ச் 4, செவ்வாய்

என் வாயாலேயே கெடுத்தேன் இன்று.

இரவு வேலைக்குப் போகும் அம்மா பிள்ளைகளைத் தனியே விட்டுவிடுகிறாள் என்று யாரோ புகார் கொடுக்க, அக்காவும் தம்பியும் காப்பகத்தில் இருக்கிறார்கள். பிள்ளைகள் தரப்பு வக்கீலாக நீதிமன்றம் நியமித்தது என்னை. "தனியே இல்லை ஐயா, பதினோரு வயது அக்கா இருக்கிறாள். சமைக்கிறாள், தம்பியைக் குளிப்பாட்டுகிறாள், பள்ளிக்கு அனுப்புகிறாள். அந்த வீட்டுக்கே குட்டி அம்மா" என்று பெருமையாக அடுக்கினேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அவளை யாரும்மா பாத்துக்கறது?"

அடுத்த விசாரணை வரை இருவரும் காப்பகத்திலேயே இருக்க உத்தரவு. வெளியே அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை — வேண்டாம், எழுத முடியலை.

மார்ச் 5

சாப்பாடு இறங்கவில்லை. "வேணும்னேவா செஞ்சே? விடு" என்கிறார் வீட்டுக்காரர். எப்படி விடறது? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே நான்?

மார்ச் 9, ஞாயிறு

காப்பகத்துக்குப் போனால் எப்போதும் இருவரும் சேர்ந்தே வருவார்கள். தம்பி அக்கா மடியில் ஏறிக்கொள்வான். வீட்டுக்குப் போகணுமா என்றால் இரண்டு தலையும் ஆடும். இன்று அவனுக்குக் காய்ச்சல், நர்ஸ் பக்கத்தில் இருந்தார். அக்கா மட்டும் வந்தாள். விளையாட்டிலிருந்து ஓடி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது.

"சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடறேன், கவலைப்படாதே" என்றேன்.

கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னும் கொஞ்ச நாள் இழுக்க முடியுமா ஆன்ட்டி?"

"எதை?"

"கேஸை."

ஏன்டா என்றேன்.

"இங்க எனக்கும் யாராவது தட்டுல போட்டுக் குடுக்கறாங்க. ராத்திரி அவங்க முழிச்சிருக்காங்க, நான் தூங்கலாம்." பிறகு, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அம்மா பாவம்."

சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

மார்ச் 10

ஒரு தடவைகூட அவளைத் தனியா உட்கார வச்சுக் கேக்கலையே. தம்பி மடியில் இருக்கும்போது வேறென்ன சொல்வாள்? அதைப் போய் வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டேன். நான்லாம் என்ன வக்கீல்?

மார்ச் 18, செவ்வாய்

வாய்தா கேட்டேன்.

"நீங்களா கேக்கறீங்க?" நீதிபதிக்கே நம்ப முடியவில்லை. அம்மாவுக்குப் பகல் வேலை அமையும்வரை அவகாசம் வேண்டும், வேலை தேட அரசு உதவவும் வேண்டும் என்றேன். இரண்டுக்கும் சம்மதித்தார்.

வெளியே அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவதான் கேட்டாளா?"

கையில் அடித்துக் கொடுத்ததை நினைத்துக்கொண்டு கேஸ் கட்டை மடியில் அடுக்கினேன். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள், மூடினாள், குடிக்கவில்லை.

"அங்க நல்லாத் தூங்கறாளாம்மா?"

"தூங்கறா."

"அப்ப இருக்கட்டும்" என்று எழுந்து வேலைக்குக் கிளம்பினாள்.