வண்டியில் ஏறாத நாட்கள்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றும் ஏறவில்லை. உப்பளத்துக்கு ஆள் ஏற்றும் லோடு வண்டி ஐந்து மணிக்கு வந்தது. படியில் கால் வைத்ததும் நெஞ்சு படபடவென்று அடித்தது, கை மரத்தது, மூச்சு மேலேயே நின்றுவிட்டது. கூட வேலை செய்யும் ராசம்மாள் அக்கா, வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவிக்கொத்தை என் கையில் திணித்தார். சுற்றி நின்று வேடிக்கை வேறு. வந்த கோபத்தில் சாவியைத் தூக்கி வீசினேன். வலிப்பு வந்தவள் அவ்வளவு தூரம் வீசுவாளா?

பிப்ரவரி 12

மேஸ்திரி பஞ்சநாதன் என்னை நிறுத்திவிட்டார். "ஃபிட்ஸ் இருக்கிறவங்கள எப்படிம்மா வேலைக்கு விடறது? பாத்தியில விழுந்தா யார் பதில் சொல்றது?"

ஜனவரியில் இதே வண்டி ஈசிஆரில் சாய்ந்ததே. இருபத்தெட்டு பேர் நெருக்கியடித்து நின்றுகொண்டு போனோமே. என் நெற்றியில் ஆறு தையல். அதுக்கு யார் பதில் சொன்னாங்க? கேட்க வாய் வரல. அதுதான் எரியுது.

பிப்ரவரி 14

ஜெபக் கூட்டத்துக்குப் போகலாம் என்கிறார் என் வீட்டுக்காரர் பிரிட்டோ. ஆண்டவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, வண்டி மேல்தான் என்றேன்.

பிப்ரவரி 17

அரசு ஆஸ்பத்திரி. வலிப்பே இல்லை என்று டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆபத்து என்றால் ஓடு என்று விரட்டும் நரம்பு ஒன்று, போதும் உட்கார் என்று அமர்த்தும் நரம்பு ஒன்றாம். "ஆபத்து முடிஞ்சிட்டதுன்னு உங்க உடம்புக்கு இன்னும் தெரியலம்மா." நாலு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விட வேண்டும். இரண்டாவது நரம்பு விழித்துக்கொள்ளுமாம்.

ஊதுவதற்கா பஸ் பிடித்துப் போனேன்?

பிப்ரவரி 20

ஊதுகிறேன். எட்டு வரவில்லை. ஆறு.

பிப்ரவரி 26

சாயங்காலம் வண்டி காலியாக நின்றது. பிரிட்டோவைக் கீழே நிறுத்திவிட்டு ஏறி உட்கார்ந்தேன். வந்தது. படபடப்பு உச்சிக்கு ஏறியது. ஊதிக்கொண்டே இருந்தேன், இறங்கியது. கை சூடானது, கொட்டாவி வந்தது. இறங்கிடறியா என்று கீழிருந்து அவர் கேட்டார். "நீங்க வேணா போங்க" என்றேன்.

மார்ச் 3

ஆபத்து முடிந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. முடிந்ததா? இன்றைக்கும் அத்தனை பேரும் நின்றுகொண்டுதானே போகிறார்கள்? அப்ப என் நெஞ்சு பொய் சொல்லல. அதப் போய் இத்தன நாளா திட்டிட்டு இருந்தேனே.

மார்ச் 6, வியாழன்

சீட்டைப் பார்த்துவிட்டு மேஸ்திரி ஏறச் சொன்னார். வண்டியில் நிற்கவும் இடம் இல்லை. நெஞ்சு அடித்தது. குரல் வரும் வரைக்கும் மூச்சை நீளமாக விட்டேன்.

"உக்கார எடம் இருக்கறவங்க மட்டும் போவட்டும். மிச்ச பேருக்கு வண்டி திரும்பி வரட்டும். அதுவரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்."

நேரமாகிறது, விளையாடாதே என்றார் மேஸ்திரி. நான் நகரவில்லை.

முதலில் இறங்கியது ராசம்மாள் அக்கா. "நான் மட்டும் என்னாடி, தெனம் கண்ண மூடிக்கிட்டுதான் வர்றேன்" என்று என் பக்கத்தில் வந்து நின்றார். அப்புறம் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

மார்ச் 10

இப்போது வண்டி இரண்டு நடை போகிறது, எல்லாருக்கும் உட்கார இடம். நாங்கள் இரண்டாவது நடை. அன்று வண்டி சாய்ந்த இடம் வந்தபோது நெஞ்சு ஒரு தரம் தட்டியது. ராசம்மாள் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.