பத்தொன்பது வயதின் அளவு

அன்புள்ள மகள் வித்தியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் மூவரும் இங்கே சுகம். நீயும் சுகம் என்று ஞாயிறுதோறும் திரையில் உன் முகம் சொல்கிறது, என்றாலும் தாளில் கேட்டால்தான் கடிதம் தொடங்குகிறது. சுகமா பிள்ளை. இங்கே ஓக்லண்டில், ரானுயிப் பக்கம், ஒரு கிழமையாக மழை. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, படியில் மட்டும் முனகுகிறார். தம்பிக்கு விரித் தொழிற்பேட்டையில் இரவு வேலை போய்ப் பகல் வேலை வந்துவிட்டது, இப்போது எங்களோடு இருந்து சாப்பிடுகிறான், சாப்பிடும்போது போனைப் பார்க்கிறான். எலுமிச்சை நிறையக் காய்த்து அயலுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. இவ்வளவும் செய்தி. கடிதம் இதற்காக இல்லை. மூன்று கிழமைக்கு முன் நீ கேட்டாய். ஆய்வுகூடத்தில் நிரந்தர வேலை தருகிறார்கள், அடுத்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும், நான் சுவீடனிலேயே இருந்துவிடட்டுமா அம்மா என்று. அடுப்பில் பருப்பு என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் நாம் காலநிலை பற்றி மட்டும் கதைத்தோம். உனக்கும் எனக்கும் நடுவில் இவ்வளவு காலநிலை ஒருநாளும் இருந்ததில்லை. உன் கேள்விக்கு என் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு மனிதருடைய பெட்டிகளைச் சுற்றிப் போய்த்தான் அதற்கு வர முடிகிறது. பொறுத்து வாசி.

எங்கள் ஆவண அறைக்கு மாசியில் ஒரு குடும்பத்தின் தாள்கள் வந்தன. நில்ஸ் ஹெட்ஸ்ட்ரொம். சுவீடனில் உன் ஊரிலிருந்து ரயிலில் போகக்கூடிய தூரத்தில், காடும் ஏரியுமான ஒரு இடத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் கப்பலில் தச்சனாக ஏறி, ஓக்லண்டில் இறங்கி, திரும்ப ஏறவில்லை. மர ஆலை, பிறகு இரண்டு, பிறகு துறைமுக மேடைகள், பாலங்கள், நகரசபை. மேற்கே ஒரு தெருவுக்கு அவர் பெயர். நீ பள்ளிக்கூடம் போன பஸ் அந்தத் தெருவால்தான் திரும்பும். பெயர்ப்பலகையை ஆயிரம் முறை பார்த்திருப்போம், அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார் என்று ஒருமுறையும் நினைக்கவில்லை. அவர் விழுத்திய மரங்கள் இந்த நாட்டுக்கே உரிய கவுரி மரங்கள், இயேசுவுக்கு முன் முளைத்தவையும் அதில் உண்டு, அந்தக் காடு யாரிடமிருந்து எப்படி அவர் கைக்கு வந்தது என்ற கேள்வியும் அதே பெட்டிகளில்தான் இருக்கிறது. பெரிய மனிதர் என்றால் அதுவும் சேர்த்துத்தான். எங்கள் பொறுப்பாளர் எல்லாப் பெட்டிகளையும் என் மேசைக்கு அனுப்பினார். காரணம், என் மகள் சுவீடனில் இருக்கிறாள். நீ அங்கே இருப்பதால் எனக்கு சுவீடிஷ் வந்துவிடும் என்று நினைத்தாரோ தெரியாது. நல்லகாலம், அந்தக் குடும்பத்தில் ஒருவர் கடிதங்களையெல்லாம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றி, தூசி தட்டி, ஒவ்வொரு தாளாக அமிலமில்லாத உறைக்குள் வைத்தேன். கப்பல் சீட்டு, ஞானஸ்நானப் பத்திரம், ஆலைக் கணக்கு, பல் வைத்தியர் அனுப்பிய பில். எதையும் எறியவில்லை. என்னோடு வேலை செய்யும் ஸ்ருதி, கோயம்புத்தூர்ப் பிள்ளை, எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்க வீட்ல ரேஷன் கார்டைத் தேடுறதுக்கே ஒரு வாரம் லீவு போடணும், இவங்க பல்லுப் புடுங்குன ரசீதைக்கூட விடல பாருங்க" என்றாள். நான் சிரித்தேன். ஊரைவிட்டு ஓடிவந்த எங்களிடம் என்ன இருக்கிறது என்று பிறகு யோசித்தேன். ஒரு பிறப்புப் பத்திரம், அதுவும் மறுபிரதி. யோசனையை அங்கேயே நிறுத்தினேன்.

தாள்களோடு ஒரு ட்ரங்குப் பெட்டியும் வந்திருந்தது. கற்பூர மரம், மூலைகளில் பித்தளை. கொண்டுவந்தவர் அவருடைய கொள்ளுப் பேத்தி எலினோர். பக்குரங்காவில் பெரிய வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குப் போகிறார், கராஜில் இருந்ததையெல்லாம் எங்களிடம் தந்துவிட்டார். தாள்கள் வரலாறு, இது வெறும் உடுப்பு, உங்களுக்கு வேண்டாமென்றால் நானே எறிகிறேன் என்றார். திறந்தேன். உள்ளே சட்டைகள். ஆண்களின் லினன் சட்டைகள், கையால் தைத்தவை, ஒவ்வொன்றும் மடித்து, மடிப்புக்கு நடுவில் மெல்லிய தாள் வைத்து. ஒன்றும் போட்டதில்லை. கழுத்துப் பட்டியில் வியர்வை இல்லை, முழங்கையில் தேய்வு இல்லை. கையுறையோடு ஒன்றை எடுத்து மேசையில் விரித்தேன். பிறகு அடுத்ததை. எல்லாம் ஒரே அளவு. ஒடுங்கிய தோள், மெல்லிய கழுத்து. ஒரு பெடியனின் சட்டை. அவருடைய எண்ணெய் ஓவியம் எங்கள் ஆவண அறை வாசலில் தொங்குகிறது, நீ பார்த்திருக்கிறாய், கழுத்து எங்கே முடிகிறது முகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அந்த ஆள். அவருக்கு இதில் ஒரு கைகூடப் போகாது. எலினோர் மிகச் சாதாரணமாகச் சொன்னார். அது அவருடைய தாய் அனுப்பினது. வருடம் ஒன்று. கப்பலில் வரும். அவர் ஒருமுறை தோளோடு வைத்துப் பார்ப்பார், மடிப்பார், பெட்டிக்குள் வைப்பார். பிறகு தாய்க்குக் கடிதம் எழுதுவார்.

அந்தக் கடிதங்களும் இருக்கின்றன. தாய் இறந்த பிறகு அவருடைய தங்கை எல்லாவற்றையும் ஒரே பொதியாக இங்கே அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் அதே வரி. சட்டை வந்தது, அளவாக இருக்கிறது. முப்பது வருடம் அளவாக இருக்கிறது. பொதியில் வேறு மூன்று பொருட்களும் இருந்தன. ஒன்று, ஒரு நூல். சணல் நூல், அதில் முடிச்சுகள். தோளுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று. கப்பலேறுவதற்கு முந்தைய நாள் மகனை நிறுத்தி எடுத்த அளவு. எழுத வாசிக்கத் தெரியாத தாய், கடிதங்களைப் பாதிரியார் எழுதிக்கொடுத்திருக்கிறார். நூல்தான் அவளுடைய எழுத்து. இரண்டாவது, அவள் முடிக்காமல் விட்டுப்போன கடைசிச் சட்டை. ஒரு கை இல்லை. முதல் வருடத்துச் சட்டையையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாவதில் தையல் தெரியவே இல்லை, துணியே அப்படி முளைத்தது போல. கடைசியில் தையல் பெரிது, கோணல், கண் தெரியாதவள் விரலால் தடவித் தடவிப் போனது. அளவு மட்டும் மாறவில்லை. விரலிடை கூட. மூன்றாவது ஒரு புகைப்படம், அவர் நாற்பது வயதில் கழுத்தில் நகரசபைப் பதவிச் சங்கிலியோடு எடுத்துத் தாய்க்கு அனுப்பியது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த அடையாளம் பின்னால் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது பிள்ளை. அவளுக்குத் தெரியும். அந்தக் கழுத்தை அவள் தினமும் சுவரில் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, திரும்பி உட்கார்ந்து, நூலை எடுத்து, பத்தொன்பது வயதுக்குத் தைத்திருக்கிறாள். அவருக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று. இரண்டு பேரும், நடுவில் உலகத்தின் முழு அகலம், ஒரு வார்த்தை பேசாமல், அந்தப் பெடியனை உயிரோடு வைத்திருந்தார்கள். ஆலைகளுக்கும் பாலங்களுக்கும் தெருப் பெயருக்கும் நான் அசரவில்லை. இதற்கு அசந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்ருதி கூப்பிட்டாள், நான் போகவில்லை. கோயிலில் திரை விலகும்போது வாய் மூடிப்போகுமே, அப்படி நின்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழுதும் கேட்டார், அது அபூர்வம். பிறகு சொன்னார், "சட்டை பத்தேல்லை எண்டு ஒரு வரி எழுத அந்த மனுசனுக்கு முப்பது வருசம் காணேல்லை. நீரும் அடுப்பிலை பருப்பு எண்டு போனை வையும்." நான் கோபித்துக்கொண்டு எழும்பினேன். "அவள் முடிவெடுத்திட்டாள் சோபனா, உம்மட்டைக் கேக்கிறது மரியாதைக்கு" என்று பின்னால் குரல் வந்தது. அடுத்த சனிக்கிழமை லூசியாவிடம் போனேன். பின் தெருவில் கராஜுக்குள் தையல் மெஷின் வைத்திருக்கும் மன்னார் லூசியா. தீபாவளிக்கு உனக்கு எடுத்த மாம்பழ நிறச் சேலை, அதற்குள் போடும் சட்டைக்குத் துணி, வழக்கம்போல உன் அளவுச் சட்டை. நீ பட்டமளிப்புக்குப் போட்ட அந்தக் கருநீலம். நீ போன நாளிலிருந்து அதைக் கொடுத்துத்தான் எல்லாம் தைக்கிறேன். லூசியா அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு வருடமும் சொல்வதையே சொன்னாள். "அக்கா, பிள்ளைக்கு முப்பது ஆகப்போகுது. இது சோதினை எடுக்கிற பிள்ளையின்ரை அளவு. அங்கை சாப்பாடு கிடைக்கிறேல்லையோ? நான் தைக்கிறன், காசு வாங்கிறன், ஆர் போடுறது எண்டு மட்டும் எனக்குத் தெரியாது." ஒவ்வொரு வருடமும் சிரித்துக்கொண்டு வருவேன். இந்த முறை கராஜ் வாசலில் நின்றுவிட்டேன்.

துணியைக் கொடுக்காமல் திரும்பி வந்தேன். சமையலறை மேசையில் இருந்து போனில் உன் படங்களைத் திறந்தேன். முதல் தீபாவளி. பொங்கல். உன் சிநேகிதியின் கல்யாணம். எல்லாவற்றிலும் நான் அனுப்பிய சேலை. எல்லாவற்றிலும் சேலைக்குள் ஒரு கறுப்பு நீளக்கை பனியன். நான் குளிர் என்று நினைத்தேன். அப்பாவிடமும் சொன்னேன், பாவம் பிள்ளை, குளிருக்கு என்ன செய்வாள் என்று. ஆனால் அந்தக் கல்யாணம் ஜூன் மாதம். சூரியன் படுக்காத மாதம் என்று நீயே எழுதியிருந்தாய். பக்கத்தில் நிற்பவர்கள் கையில்லாத உடுப்போடு. உனக்கு நெற்றியில் வேர்வை. படத்துக்குக் கீழே நீ எழுதியிருக்கிறாய், சட்டை அளவாக இருக்கிறது அம்மா, ஒரு சிவப்பு இதயம். மூன்று வருடத்துக்கு முன் நீ வந்து இரண்டு கிழமை நின்றாய். விமான நிலையத்தில் உன்னைக் கட்டிப்பிடித்தேன், போகும்போதும் கட்டிப்பிடித்தேன். என் கைகளுக்கு உன் அளவு தெரிந்திருக்கும். கைகள் எனக்குச் சொல்லியும் இருக்கும். அந்தத் தாய்க்குச் சுவரில் புகைப்படம். எனக்குக் கைகள். ஒரே வேலைதான் நாங்கள் இருவரும் செய்திருக்கிறோம்.

பிழை என்று சொல்லவில்லை. இப்போதும் அந்தப் பெட்டியை நினைத்தால் வியப்பு அடங்கவில்லை. மனிதர் இவ்வளவு அன்பு வைப்பார்களா, இவ்வளவு கவனமாக ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பார்களா என்று. சட்டைகளைத் துணிப் பொருளாகப் பதிவு செய்து, தாள்களோடேயே வைக்க ஒழுங்கு செய்துவிட்டேன், எலினோரும் சம்மதம். அது அங்கே இருக்கட்டும், ஆட்கள் வந்து பார்க்கட்டும். ஆனால் எனக்கு அப்படி ஒரு பெட்டி வேண்டாம். உன் அலுமாரியிலும் வேண்டாம். எத்தனை இருக்கின்றன அங்கே, ஏழா, எட்டா. உன் சிநேகிதிகளில் மெலிந்தவளுக்குக் கொடு.

ஆகவே பதில். இரு. அங்கேயே இரு. கையெழுத்துப் போடு, மாத முடிவு வரை போகவிடாதே. எனக்குக் கவலை இல்லையென்று எழுதினால் அதுவும் "அளவாக இருக்கிறது" போலத்தான் ஆகும், அதனால் எழுதவில்லை. கவலை இருக்கிறது. உன் அறையில் தம்பி தன் சைக்கிளை வைக்கக் கேட்கிறான், இன்னும் ஓம் சொல்லவில்லை, சொல்லுவேன். நீயும் இனிமேல் எனக்குப் பத்தாததைப் பத்தாது என்று சொல். சேலை பிடிக்கவில்லையா, சொல். ஞாயிறு அழைப்பு கூடிப்போகிறதா, சொல். அங்கே உனக்கு ஒருவர் இருக்கிறாரா, அதையும் சொல். அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

நல்லூரான் உனக்குத் துணை நிற்பான். நீ எடுத்த வேலை உன் கைக்கு வசப்படட்டும், நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் உனக்கு. வெயில் இல்லாத மாதங்களில் விட்டமின் குளிசையை மறக்காதே, வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே. இந்த உறைக்குள் ஒரு அளவுநாடா வைத்திருக்கிறேன், லூசியாவுடையது. தோள், மார்பு, இடுப்பு, கை. எடுத்து எனக்கு எழுது, மாம்பழ நிறத் துணி காத்திருக்கிறது. கண்ணாடிக்கு முன் நின்று எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்காதே. இருக்கிறபடி எடு.

அன்பு முத்தங்களோடு
அம்மா
சோபனா
ரானுயி, ஓக்லண்ட்