ஒளியை மறைத்த புடவை

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சுகம். உன் இடுப்பு வலி தேவலையா? அம்மாவுக்குச் சளி விட்டதா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. பயப்படாதே, வேலை போகவில்லை. நான் தங்கியிருக்கும் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எதிரே உள்ள ஆபீஸ் மாடிக்குக் கம்பியே இல்லாமல், வெறும் ஒளிக்கற்றையில் இணையத்தை அனுப்பிப் பார்க்கிறோம். நாளைய செல்போனுக்கெல்லாம் இதுதான் வழியாம். இரண்டு நாளாகக் காற்றடித்தாலே இணைப்பு அறுந்தது. பெரிய இன்ஜினியர் பனிமூட்டம் என்றார். நான் குருவிதான் குறுக்கே பறக்கிறது என்று பதினொரு பக்க அறிக்கையே எழுதிவிட்டேன்.

மூன்றாம் நாள் மேனேஜர் என் வீட்டு மாடியேறிப் போய், ஒரு புடவையோடு இறங்கி வந்தார்.

"இதுதான் பறந்து பறந்து மறைச்சிருக்கு. யாருதுப்பா?"

போர்த்திக்கொள்ள நான் எடுத்து வந்த உன் பழைய நூல் புடவை! துவைத்துக் கொடியில் போட்டதும் நான்தான்.

"என் வீட்டுக்காரியோடது சார்."

"அங்க இருந்துக்கிட்டே நம்ம லைனைக் கட் பண்ணிட்டாங்களே!"

ஆபீஸே சிரித்தது. என் மானம் கப்பலேறியது.

அடுத்த பார்சலில் துணி கிளிப் ஒரு டஜன் அனுப்பு. கூடவே உன் புடவை இன்னொன்றும் வை. இதில் இப்போது சோப்பு வாசனைதான் வருகிறது.

மேனேஜர் கூப்பிடுகிறார். அந்தப் புடவையைத் துவைத்துவிடாதே, அப்படியே அனுப்பு.

உன்,
குருவி நிபுணன்